ஆயில் சேம்பரில் விழுந்த பள்ளம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொழுந்தன் வாசலில் வந்து நின்றபோது மாட்டு டாக்டர் அவனை 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. கையில் தயாராக வைத்திருந்த பழைய பேன்ட்டையும் கிழிசல் சட்டையையும் அவன் தோளில் எறிந்தாள்.

"மாத்திக்கிட்டு வா. இன்னைக்கு முழுக்க நீ வண்டிக்கு அடியிலதான்."

"சரி அண்ணி."

"சரி அண்ணியாம். செய்யறதையெல்லாம் செஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிக்கறதைப் பாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உடை மாற்றப் போனான். தலை முழுக்கச் சுருள் சுருளாக முடி இருந்ததால் அவனுக்குச் சுருட்டை என்றே பேர். பம்ப் மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். ஊரார் மோட்டார்கள் எல்லாம் அவன் கையில் உயிர் பெற்று எழுந்தன. ஆனால் சொந்தக் குடும்பத்தில் அவனுக்கு இருந்த பேரே வேறு. கண்ணாடி டம்ளர் உடைந்தால் சுருட்டை, குழாய் உடைந்தால் சுருட்டை, கடிகாரம் நின்றால் நேற்று அந்தப் பக்கம் சுருட்டை போனானா என்று கேட்பார்கள். முப்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பேர் அவனை விட்டு இறங்கவில்லை.

இந்தத் தடவை உடைந்தது டம்ளர் இல்லை. டாக்டரின் ஜீப்.

இருபத்தாறு வருஷத்து வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். சேறானாலும் சரி, செங்குத்து மேடானாலும் சரி, முனகிக்கொண்டே ஏறிவிடும். மலைச்சரிவில் சிதறிக்கிடந்த மாட்டுப் பண்ணைகளுக்கு வேறெந்த வண்டியும் போகாது என்பதால், அது டாக்டருக்கு இன்னொரு ஜோடிக் கால். அந்தக் கால்தான் போன வியாழக்கிழமை ஒடிந்தது.

அன்று மத்தியானம் மேட்டுப் பண்ணைப் பால்காரர் போன் செய்தார். அவருக்கு இருந்ததே மூன்று மாடு. அதில் நன்றாகக் கறக்கிற மாடு கன்று போட முடியாமல் காலையிலிருந்து கிடந்து தவிக்கிறது என்றார். டாக்டர் பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாதி மேடு ஏறும்போது எண்ணெய் அழுத்தம் காட்டுகிற சிவப்பு விளக்கு கண்ணைத் திறந்தது. அடுத்த நொடியே இன்ஜினை அணைத்தாள். இறங்கிக் குனிந்து பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. எண்ணெயில் பாதிக்கு மேல் பாதைக்குப் படையல் ஆகியிருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஒன்றே கால் மணி நேர நடை. கடைசிக் கால் மைல் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது கன்றின் முன்னங்கால் மடங்கி உள்ளேயே சிக்கியிருந்தது. தோள் வரை கையை விட்டு நேராக்கி இழுத்தாள். கன்று உயிரோடு விழுந்தது. மாட்டுக்கு உள்ளே கிழிந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அது உயிரை விட்டது. பால்காரர் மாட்டின் பக்கத்தில் குந்தினார். ஒரு சாக்கை எடுத்து மாட்டின் முகத்தை மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டாக்டருக்கு இருந்தது.

சாயங்காலம் டிராக்டர் கட்டித்தான் வண்டியை இழுத்து வந்தார்கள். டிராக்டர்காரர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சேம்பர்ல செமத்தியா அடி வாங்கியிருக்கும்மா. யாரோ பசையைப் பூசி மூடி வச்சிருக்காங்க" என்றார். சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற இரும்புத் தகட்டுத் தொட்டி. தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒழுகாமலிருக்க ஒரு கார்க் பேக்கிங் இருக்கும். அந்தப் பேக்கிங் நைந்துபோய், அதன் மேல் விரல் தடிமனுக்குக் கறுப்புப் பசை அப்பியிருந்தது.

டாக்டருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஏற்றிவர வண்டியைக் கடன் வாங்கிக்கொண்டு போனவன் சுருட்டை. போனதோ கல்குவாரி வழி. பாறையில் கொண்டுபோய் இடித்திருக்கிறான், சொல்லப் பயந்துகொண்டு பசை பூசியிருக்கிறான். அவ்வளவுதானே?

வெள்ளிக்கிழமை காலை நேரே அவன் கடைக்குப் போய், நாலைந்து வாடிக்கையாளர்கள் நிற்க, வாயில் வந்ததெல்லாம் கேட்டாள். "இடிச்சா இடிச்சேன்னு சொல்ல வாயில்லையா? உன்னால ஒரு உயிர் போயிடுச்சு, தெரியுமா? இனிமே என் வண்டிப் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது!" அவன் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். முகம் மட்டும் சுண்டிப்போனது.

அவளோடு போயிருந்த கணவர்தான் அவள் தோளைத் தொட்டார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். குரலை உயர்த்தியே அறியாதவர். "விடும்மா. போகட்டும். வேணும்னா செஞ்சான்? அவன் சுபாவம் அப்படி" என்றார். கடையில் நின்றவர்கள், இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பார்த்தார்கள்.

மெக்கானிக்கைக் கேட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் கை ஒழியும் என்றார். மூன்று வாரம் மாடுகள் நோவை ஒத்திப்போடுமா? வண்டியோடு வந்த பழைய கையேட்டை டாக்டர் இரண்டு நாள் படித்தாள். புது பேக்கிங் வாங்கினாள். 'மாட்டு வயித்துக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு வேலை பாக்கறவளுக்கு இந்த இரும்பு வயிறு என்ன பெரிசு' என்று சொல்லிக்கொண்டாள். உடைத்தவனையே உதவிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவன் வந்துவிட்டான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வண்டிக் கொட்டகை. சிமென்ட் தரை. ஜாக்கியால் வண்டியின் முன்பக்கச் சட்டத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு முக்காலி கொடுத்தார்கள். முன் அச்சு தானாகத் தொங்கி இறங்கியது. அப்போதுதான் சேம்பர் கீழே வர இடம் கிடைக்கும். அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் இருக்கிற பல்சக்கர உருண்டை வழியை மறித்துக்கொண்டிருக்கும் என்று கையேடு எச்சரித்திருந்தது. அது ஒன்றும் பொய் சொல்லவில்லை.

மிச்சமிருந்த எண்ணெயை வாளியில் வடித்துவிட்டு இரண்டு பேரும் மல்லாந்து உள்ளே நகர்ந்தார்கள். சேம்பர் முழுக்கச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, கரி பிடித்த சட்டியின் அடி மாதிரி இருந்தது. சுற்றிலும் இருபத்திரண்டு போல்ட். ஒவ்வொன்றின் தலையிலும் பசை.

"எவ்வளவு தாராளமா பூசியிருக்கே பாரு," என்றாள் கத்தியால் பசையைச் சுரண்டிக்கொண்டே. "கல்யாண வீட்டுச் சந்தனம்கூட இவ்வளவு பூச மாட்டாங்க."

அவன் ஸ்பேனரை அடுத்த தலையில் மாட்டினான். போல்ட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டான். டக். இன்னொன்று. டக்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"என்ன சொல்லணும் அண்ணி?"

"எந்தப் பாறையில இடிச்சேன்னு சொல்லு."

"குவாரி வழியில நிறைய கல்லு இருந்துச்சு. எதுல பட்டுச்சோ."

"பட்டதுகூடத் தெரியாம ஓட்டுனியா?"

"டங்குனு ஒரு சத்தம் வந்த மாதிரிதான் இருந்துச்சு. பின்னாடி மோட்டார் உருண்டுச்சுன்னு நினைச்சேன்."

டாக்டர் பல்லைக் கடித்தாள். கோபம் அவளுக்கு வாயை விடக் கைக்குத்தான் சீக்கிரம் வரும். ஸ்பேனரை ஓங்கித் திருப்பினாள். அது வழுக்கி விரல் முட்டி சட்டத்தில் மோதித் தோல் பிய்ந்தது. வலியும் சேர்ந்து அவன் கணக்கில்தான் ஏறியது.

பத்து மணிக்குள் வாத்தியார் மூன்று முறை டீ கொண்டுவந்துவிட்டார். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளோடு உட்கார்ந்தால் அவரைக் கிளப்ப முடியாது. இன்றைக்கு என்னவோ கால் தரையில் தங்கவில்லை.

"ரொம்பச் சிரமப்படறீங்களே. மூணு வாரம்தானே, மெக்கானிக்கே பாக்கட்டுமே," என்றார் குனிந்து.

"உங்க தம்பி செஞ்ச வேலைக்கு நான் மூணு வாரம் வீட்ல உக்காரணுமா?"

"சரி, சரி. எதுக்குச் சத்தம்." டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி போல்ட்டும் வந்தது. சேம்பர் மட்டும் வரவில்லை. பசை இறுகி இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுருட்டை ரப்பர் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டினான். அவள் மெல்லிய தகட்டுக் கத்தியை இடுக்கில் நுழைத்து நுழைத்து அறுத்தாள். அரை மணி நேரம் கழித்து 'சளக்'கென்று விட்டது. மிச்ச எண்ணெய் அவன் முகத்தில் கொட்டியது. அவன் கண்ணை இறுக்கிக்கொண்டானே தவிர, தாங்கியிருந்த கையை விடவில்லை. முன்னே தள்ளி, சாய்த்து, அந்தப் பூசணி உருண்டையைத் தாண்டித் திருப்பி, பிரசவம் பார்ப்பது போலவே இரண்டு பேரும் அதை வெளியே எடுத்தார்கள்.

முதலில் உள்ளே பார்த்தாள். தொட்டியின் அடி மேல்நோக்கி எம்பியிருந்தது. எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் சல்லடை அந்த மேட்டில் முட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். சல்லடையின் வாய் நசுங்கியிருந்தது. டம்ளரின் அடியில் ஸ்ட்ராவை அழுத்திக்கொண்டு உறிஞ்சினால் என்ன வரும்? ஒழுகியது போக மிஞ்சிய எண்ணெயையும் இன்ஜினால் குடிக்க முடியவில்லை.

பிறகு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, டீசலை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்தாள். பல வருஷத்து அழுக்கு கரைந்து ஓடியது. பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. உள்ளங்கை அகலம். வட்டம்.

அவள் கை நின்றது.

பாறையில் இடித்திருந்தால் வண்டி போன திசையில் இழுத்த கீறல் இருக்க வேண்டும். இதில் கீறலே இல்லை. நேரே கீழிருந்து மேலே அழுத்தின பள்ளம். அதோடு வட்டத்தின் ஓரத்தில், நாலு திசையிலும் நாலு குழி. ஒரே அளவு, ஒரே இடைவெளி.

"சுருட்டை, இங்க வா. கல்லு இப்படி நாலு பல்லு வச்சுக் கடிக்குமா?"

அவன் முகத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து போய், ஓரத்தில் கிடந்த ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் தொட்டியைத் தூக்கி ஜாக்கியின் தலைமேல் வைத்தாள். தலையின் நாலு பல்லும் நாலு குழிக்குள் போய் உட்கார்ந்தன. சாவி பூட்டில் உட்கார்வது போல.

"நீ வண்டி எடுத்துட்டுப் போனப்ப ஜாக்கி வண்டியிலயா இருந்துச்சு?"

"இல்லையே அண்ணி. மோட்டாருக்கு இடம் வேணும்னு நீங்கதானே எறக்கி வச்சீங்க. இங்கதான் கிடந்துச்சு."

ஆமாம். அவளேதான் இறக்கி வைத்தாள். அப்படியென்றால் அதற்கு முன்னால். சனிக்கிழமை. சனிக்கிழமை வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனது யார்? வழியில் பஞ்சர், கடையில் நிறுத்தி மாற்றிக்கொண்டு வந்தேன், அதுதான் நேரமாகிவிட்டது என்று சொன்னது யார்?

சரியாக அந்த நேரத்தில் வாத்தியார் நாலாவது டீயோடு வந்தார். ஜாக்கி மேல் உட்கார்ந்திருந்த சேம்பரைப் பார்த்தார். டம்ளர்கள் தட்டில் கிலுகிலுவென்று ஆடின.

"பஞ்சரை யார் மாத்துனது?" என்றாள் டாக்டர்.

"எது?"

"சனிக்கிழமை. பஞ்சரை யார் மாத்துனதுன்னு கேக்கறேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தார். அந்த நிதானம்தான் அவளை எரித்தது.

"பக்கத்துல கடை எதுவும் இல்ல. நானே மாத்திடலாம்னு... அடியில தட்டையா ஒரு இடம் தெரிஞ்சுது, அங்க ஜாக்கியைக் கொடுத்தேன். கொஞ்சம் அமுங்குச்சு. இவ்வளவு ஆகும்னு..."

"பசை?"

"சாயங்காலம் லேசா ஒழுகுச்சு. கடையில கேட்டேன், இது பூசினா நிக்கும்னான். நின்னுச்சே, நாலு நாள்."

"நாலு நாள் நின்னுச்சு! அஞ்சாவது நாள் நான் நடு மேட்டுல நின்னேன்! அன்னைக்கு ராத்திரி வந்து அழுதேனே, உங்க பக்கத்துல உக்காந்துதானே அழுதேன்? அப்ப சொல்றதுக்கென்ன?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ இருந்த நிலைமையில..."

"வெள்ளிக்கிழமை? கடையில வச்சு உங்க தம்பியை நாய் மாதிரி திட்டுனேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? விடும்மா, அவன் சுபாவம் அப்படின்னு சொன்னது இந்த வாய்தானே?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்! தெரு முழுக்கக் கேக்கட்டும்! பள்ளிக்கூடத்துக்கே கேக்கட்டும்!" அவள் கையிலிருந்த பிரஷ் தகரச் சுவரில் போய் மோதியது. "செஞ்சது தப்பு, அதை விடு. யாருக்கும் நடக்கும். அதைத் தூக்கி அடுத்தவன் தலையில வைக்க எப்படிய்யா மனசு வந்துச்சு உனக்கு?"

பதினான்கு வருஷத்தில் அவள் அவரை 'உனக்கு' என்றது அதுதான் முதல் தடவை. வாத்தியார் கன்னத்தில் அறை வாங்கியவர் போலானார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வைக்கல. நீயாதான் அவன்னு முடிவு பண்ணிட்டே. நான் மறுக்கல, அவ்வளவுதான். எனக்கு வெளியில ஒரு பேர் இருக்கு... அவனுக்கு எப்படியும் அந்தப் பேர் ஏற்கெனவே..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

டாக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அவன் சிரிக்கிறானா என்று பார்த்தால் அது சிரிப்பில்லை.

"நானாத்தான் இருக்கும்னு நினைச்சேன் அண்ணி," என்றான். "நிஜமாவே நினைச்சேன். மூணு நாளா அந்த வழியை மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பாக்கறேன். எந்தக் கல்லு, எந்தக் கல்லுன்னு. டங்குனு கேட்டுச்சுன்னு சொன்னேன்ல? இப்ப யோசிச்சா, அது கேட்டுச்சான்னே தெரியல."

"என்னை மன்னிச்சிடுப்பா. நான் தெரியாம..."

"நீங்க கேட்டீங்களா?" அவன் குரல் திடீரென்று உடைந்து ஏறியது. "ஒரு தடவையாவது, யாருன்னு கேட்டீங்களா? ஏண்டா செஞ்சேன்னுதானே கேட்டீங்க? என் கடையில, என் கஸ்டமருங்க முன்னாடி! உயிர் போயிடுச்சு உன்னாலன்னு சொன்னீங்க. ரெண்டு நாளா சோறு இறங்கல எனக்கு. மாடு கண்ணுலயே நிக்குது, நான் பாக்காத மாடு!"

கணவர்மேல் எரிந்த தீ பாதி திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. இவன்தான் என்று அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல். நோய் தெரியாமல் ஊசி போடுகிற டாக்டரைக் கண்டால் காறித் துப்புகிறவள் அவள்.

சுருட்டை துணியைத் தரையில் எறிந்துவிட்டு வெளியே போனான். வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது. போய்விட்டான் என்றுதான் நினைத்தாள். பின்னாலேயே போய்க் கூப்பிட அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? ஒரு மரக்கட்டையின் மேல் தொட்டியை நிமிர்த்தி வைத்து, உள்பக்கத்திலிருந்து சுத்தியலால் பள்ளத்தை அடித்துத் தள்ள ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கொட்டகை அதிர்ந்தது. வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றார்.

கால் மணி நேரத்தில் சுருட்டை திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது; முகம் கழுவியிருந்தான்.

"சேம்பரை மேல தூக்கிப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும்," என்றான் யாரையும் பார்க்காமல். "ஒரு ஆளால ஆகாது. அதான் வந்தேன்."

"நீ பிடிக்க வேண்டாம்," என்றாள் டாக்டர். கணவரைப் பார்த்தாள். "சட்டையைக் கழட்டுங்க. படுங்க கீழ."

வாத்தியார் டீத் தட்டை ஓரமாக நகர்த்தினார். சலவைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்தார்.

அடுத்த இரண்டு மணி நேரம் கொட்டகையில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இன்ஜின் அடியில் ஒட்டியிருந்த பழைய கார்க்கையும் பசையையும் வாத்தியார்தான் சுரண்டினார். துகள்கள் அவர் கண்ணிலும் வாயிலும் விழுந்தன. "இன்னும் இருக்கு," என்றாள் டாக்டர், விரலால் தடவிப் பார்த்து. மறுபடி சுரண்டினார். "இன்னும்." மறுபடி. சுருட்டை இந்தப் பக்கம் நசுங்கின சல்லடையைக் கழற்றி, கம்பி வலையை ஊசியால் ஒவ்வொரு கண்ணாக நிமிர்த்திக் கழுவினான். தொட்டியின் விளிம்பில் இரும்பு அளவுகோலை வைத்து, கோலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற இடங்களையெல்லாம் தட்டி மட்டமாக்கினான். அவன் கை வேலை செய்கிற விதத்தை டாக்டர் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தாள். ஒரு அடி கூடுதல் இல்லை.

பசையைக் கையேடு சொன்ன நாலு மூலையில் மட்டும், கடுகளவு வைத்தார்கள். புது பேக்கிங்கை விளிம்பில் படுக்க வைத்து, அசையாமலிருக்க நாலு இடத்தில் நூலால் கட்டினான் சுருட்டை. வாத்தியாரும் அவளும் தாங்க, சுருட்டை போல்ட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினான். பிறகு முறுக்குகிற வேலை வாத்தியாருடையது.

"நடுவுல இருந்து ஆரம்பிங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, எதிர்ப் பக்கம் ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா, மூணு சுத்து வரணும். பலத்தைக் காட்டினா கார்க் பிதுங்கிடும்."

அவர் முறுக்கினார். மூன்றாவது சுற்றில் கை மாற்றிப் பிடித்தார். "கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா?" என்றார்.

"பால்காரர் வீடு வரைக்கும் நான் நிறுத்தி நிறுத்தியா ஓடினேன்?"

அவர் நிறுத்தவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் புது எண்ணெய் ஊற்றி இன்ஜினை உயிர்ப்பித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று டாக்டர் எண்ணினாள், அணைந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு, மூன்று பேரும் குனிந்து விளிம்பு நெடுகத் துணியால் துடைத்துப் பார்த்தார்கள். துணி வெள்ளையாகவே வந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை.

"ஏறுங்க," என்றாள் கணவரிடம்.

"எங்க?"

"மேட்டுப் பண்ணைக்கு. பால்காரர்கிட்ட நீங்களே சொல்லணும். என் மச்சினன் வண்டியை உடைச்சுட்டான்னு நான் அவர்கிட்டயும் சொல்லித் தொலைச்சிருக்கேன். நீயும் வா சுருட்டை. உன் பேரு அங்கயும் கெட்டுக் கிடக்கு."

வழியெல்லாம் அவள் கியரை மாற்றின விதத்தில் வண்டிக்கே பயம் வந்திருக்கும். பால்காரர் தொழுவத்தில் இருந்தார். கன்றுக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். வாத்தியார் நாலு வரியில் சொல்லி முடித்தார். பள்ளிக்கூடத்தில் தேற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கையெடுத்துக் கும்பிட்டார்.

பால்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "வண்டி நல்லா இருந்திருந்தா என் மாடு பிழைச்சிருக்குமா?"

பொய் சொல்லலாம். சொல்ல முடியும், டாக்டர்தானே. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருக்கும்," என்றாள்.

அவர் முகம் கறுத்தது. "பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவரு," என்று ஆரம்பித்தவர், மேலே பேசப் பிடிக்காமல் கையை உதறினார். "உங்க கும்பிட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கும்பிடு பால் கறக்குமா? டாக்டரம்மா, நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. இந்தத் தம்பியும் வரட்டும். இவரை மட்டும் என் கண்ணு முன்னாடி கூட்டிட்டு வராதீங்க."

டாக்டர் கன்றைத் தொட்டுப் பார்த்து, மருந்து கொடுத்து, திரும்பி வரும் வரை வாத்தியார் வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

திரும்பும் வழியில் கீழ் வளைவு தாண்டியதும், பின் சீட்டிலிருந்து அவர் குரல் வந்தது. "அவர்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். என்னை மன்னிச்சிடு."

முன் சீட்டில் இருந்த சுருட்டை சட்டென்று கண்ணாடியைப் பார்த்தான். "ரோட்டோரமா நிறுத்துங்க அண்ணி. நான் இறங்கிக்கறேன்."

"ஏன்ப்பா?"

"பால்காரர்கிட்ட கேட்டாச்சு. உங்ககிட்ட கேட்டாச்சு. எங்கிட்ட கேக்கணும்னு இந்த ஆளுக்கு இன்னும் தோணலை. நான் நடந்தே போறேன்."

அவள் நிறுத்தினாள். அவன் இறங்கி விறுவிறுவென்று நடந்தான். வாத்தியார் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு, செருப்பு ஒன்று கழன்றதையும் எடுக்காமல், "டேய், நில்லுடா" என்று பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி நின்றான். அண்ணன் என்னவோ சொன்னார். அவ்வளவுதான், சுருட்டை திரும்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தான். என்ன சொல்கிறான் என்று இங்கே கேட்கவில்லை. கையை வீசி வீசி, விரலை மடக்கி மடக்கி எண்ணினான். ஒரு வண்டியின் பள்ளத்தோடு முடிகிற கணக்காக அது தெரியவில்லை. சிறு வயதிலிருந்தே பாக்கி இருந்தது போலிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி வேடிக்கை பார்த்தார். வாத்தியார் அவரைக் கவனிக்கக்கூட இல்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போய் விலக்கிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டாம், கத்தட்டும். அவளுடைய முறை இன்னும் வரவேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் அவளும் சுருட்டையின் முன்னால் இப்படி நின்று அவன் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். டாக்டர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு காத்திருந்தாள்.